காயாத சீமெந்து

மேர்டிலுக்குக் கல்லடியில் அந்த வீடு கிடைத்ததே அவள் கலியாணம் முடிக்காதவள் என்பதால்தான். அறுபத்துநாலு வயதுவரை அதே காரணத்தால் அவளுக்கு வாய்த்தவை வேறு: விருந்து வீடுகளில் குசினிக் கதவோரத்து நாற்காலி, சொந்தக்காரர் வீடுகளில் பிள்ளைகளின் அறையில் மடக்குக் கட்டில், போகுமிடமெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு 'பாவம்'. இந்த ஒரு இடத்தில்தான் அது தகுதியாயிற்று. வீட்டுக்காரி சீதேவிப்பிள்ளை வேலியோரம் நின்று, அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"மிஸ்ஸிக்கு மாப்பிள்ளை?"

"இல்ல அக்கா."

"மோசம் போயிற்றாரா, உசிரோட இல்லையா?"

"நான் கட்டவே இல்ல."

"உண்மையச் சொல்லுங்க. மறுகா ஒருத்தர் பெட்டியோட வந்து இறங்கினா நான் விட மாட்டன்."

"இந்த வயசில எவன் அக்கா பெட்டியோட வரப்போறான்?"

சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை. எழுபத்தைந்து வயது மதிக்கலாம். வற்றிய உடம்பு, வற்றாத அதிகாரம். இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து விட்டாள்.

"இது எண்ட மகள்ற வீடு. பிரஷாந்திக்குக் கட்டினது. அவள் இன்னும் குடிபுகல்ல. அவளுக்கு முதல் இன்னொருத்தி இதுக்குள்ள புருசனோட குடும்பம் நடத்தினா அவள்ற மனம் என்ன பாடு படும்? தனிச்ச பொம்புளைக்கெண்டாத்தான் குடுப்பன்."

மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கலியாணப் பேச்சு இல்லை. மாப்பிள்ளை உடுத்த வேட்டியோடு வந்து ஏறினாலும் குற்றமில்லை, வீடு பெண்ணுடையது. புளியந்தீவில் பிறந்து வளர்ந்த பறங்கிப் பெண்ணான மேர்டிலுக்கு இது தெரியாததல்ல. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் ஒவ்வொருத்திக்கும் அத்திவாரம் வெட்டியதை அவள் பார்த்தவள். 'பிரஷாந்தி எங்க?' என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சீதேவிப்பிள்ளையின் கை கடல் பக்கமாக ஒரு தடவை அசைந்து அடங்கிவிட்டது. கல்லடியில் அந்தக் கை அசைவுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான். கடல் கொண்டுபோய்விட்டது என்பது.

இன்னும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. நிலத்துக்கு மாபிள் பதிக்கக் கூடாது. பின்வாசல் படியில் கிடக்கும் கால் அடையாளத்தை மூடக் கூடாது. சீமெந்து ஈரமாக இருந்தபோது பிரஷாந்தி வேண்டுமென்றே அழுத்தி வைத்த இடது கால் அது. மேசன் பூசி மறைக்கப் போனானாம். 'எண்ட வீட்டில எண்ட கால் கிடக்கட்டும்' என்று அவள் கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். ஐந்து விரலும் அப்படியே இருந்தன.

மேர்டில் ஏன் வந்தாள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. சண்டை தொடங்கிய காலத்தில், எண்பத்தைந்தில், அண்ணன் பீலிக்ஸோடு மெல்பேர்னுக்குப் போனவள். அந்த நாற்பது வருடத்தில் பெரும்பகுதி ஒரு முதியோர் இல்லத்தில் மற்றவர்களின் தாய்மாரைக் குளிப்பாட்டினாள். பீலிக்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய மகள் சாஷா, தனியாகப் போய் அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் அன்ரி என்று ரெலிபோனில் அழுதாள். அப்படி அழுதவள், பக்கத்துப் பட்டணத்தில் இருந்த காலத்தில் மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்தவள் இல்லை. கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டைப் புரட்டிய பையன், சுற்றுலாவா என்று கேட்டான். அவளுடையது வயதுபோன வெளிநாட்டவர்களுக்குக் கொடுக்கிற விசா. பிறந்த ஊரில் வெளிநாட்டுக்காரியாக இருந்து காலம் கழிக்க அனுமதி வேண்டும். அதற்கும் மேர்டில் சிரித்தாள். உண்மைக் காரணம் அவள் மனதில் பத்திரமாக இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

உண்மைக் காரணத்தின் பெயர் மிஸிஸ் ஹார்ப்பர். மெல்பேர்ன் மாடிக் குடியிருப்பில் மேர்டிலின் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள். வணக்கத்துக்கு வணக்கம், அதற்குமேல் பழக்கமில்லை. ஒரு குளிர்காலத்தில் அவளுடைய தொலைக்காட்சி இரவு பகலாக ஓடத் தொடங்கியது. கேள்வி கேட்கிற நிகழ்ச்சி, பதில் சொன்னதும் கைதட்டல், மறுபடி கேள்வி, மறுபடி கைதட்டல். வேலைக்குப் போய்வந்து அலுத்துப் படுத்த மேர்டில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிச் சுவரில் அடித்தாள். ஒரு நாளல்ல, பல நாள். கடைசியில் பொலிஸ் வந்து கதவை உடைத்தபோதுதான் தெரிந்தது, மிஸிஸ் ஹார்ப்பர் செத்து மூன்று கிழமையாகிவிட்டது என்று. செத்துப்போன மனிசிக்குச் செருப்பால் அடித்திருக்கிறாள். அந்த நினைப்பு மேர்டிலை விடவில்லை. தன் சுவரில் யார் அடிப்பார்கள், அதுவும் எத்தனை கிழமை கழித்து என்று யோசித்து யோசித்து அவளுக்கு உறக்கம் போயிற்று.

மட்டக்களப்பில் அப்படி நடக்காது என்று அவள் நம்பினாள். ஒரு வீட்டில் காலையில் முற்றம் கூட்டாமல் கிடந்தால் மத்தியானத்துக்குள் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் உயிரோடு இருக்கும்வரை ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் அவளுடைய விருப்பம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

மீசைக்கு முதல் நாளே ஆபத்து வந்தது. சீதேவிப்பிள்ளையிடம் இன்னொரு திறப்பு இருந்தது. வாசலில் ஓடும் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், கடல் அள்ளிய பிறகு ஏதோ ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் அவள் இருந்தாள். விடியும் நேரம், வெள்ளாப்பில் எழும்பி வருவாள். தட்டமாட்டாள், கூப்பிடமாட்டாள். தன்பாட்டுக்குத் திறந்து உள்ளே வந்து, நடு அறையைக் கூட்டி, கால் அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிட்டி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாள். இரவுடுப்போடு எதிர்ப்பட்ட மேர்டிலைப் பார்த்தால், "படுங்க மிஸ்ஸி, நான் உங்களுக்கு வரல்ல" என்பாள். அது மேர்டிலை நன்றாகச் சுட்டது. காசு கொடுத்து இருக்கிற வீட்டில் தானே ஒரு விருந்தாளி போல அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. ஊரார் ஆறு என்கிற வாவி கரை முட்டி, வீட்டுக் கிணறுகளில் கையால் அள்ளலாம் போலத் தண்ணீர் ஏறியது. இயேசு பிறந்த நத்தாருக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு காலை மேர்டில் கட்டிலை விட்டிறங்கி நடு அறைக்கு வந்தாள். காலை வைத்ததும் சில்லென்றது.

நிலம் ஈரமாகக் கிடந்தது. கூரை ஒழுகிய ஈரமில்லை. மேலே ஓடு காய்ந்திருந்தது. பின்வாசல் படியில் தொடங்கி அறை நடுவரைக்கும், யாரோ வாளியோடு நடந்து ஊற்றியது போல ஒரே பரவலாகக் கிடந்தது. கால் அடையாளத்தில் ஐந்து விரலும் நிறையத் தண்ணீர் நின்றது. வெயில் ஏறக் காய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் ஈரம்.

"அக்கா, நிலத்தைக் கழுவினா எனக்குச் சொல்லுங்க. வழுக்கி விழுந்தன் எண்டா என்னைத் தூக்க ஆளில்ல" என்றாள் மேர்டில்.

சீதேவிப்பிள்ளை தும்புத்தடியைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "நான் கழுவல்ல மிஸ்ஸி. நீங்க கழுவினதெண்டுதான் நான் நினைச்சன்."

மேர்டில் அதை நம்பவில்லை. திறப்பு வைத்திருப்பது அவள் ஒருத்திதானே? வயதுபோன மனிசி, மகளை நினைத்து என்னவோ செய்கிறாள், செய்துவிட்டு மறந்துவிடுகிறாள் என்று முதியோர் இல்லத்துப் பழக்கத்தில் முடிவு கட்டினாள். அன்றைக்கே காத்தான்குடிக்கு ஓட்டோ பிடித்துப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி, பாறூக் என்ற தச்சுவேலைக்காரரைக் கூட்டி வந்து முன்கதவுக்கும் பின்கதவுக்கும் மாற்றினாள். அவர் இரண்டு கதவுக்கும் பொருந்துகிற இரண்டு திறப்பையும் அவள் கையில் தந்தார். ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்தாள், மற்றதைச் சுவர் ஆணியில் கொழுவினாள். நாற்பது வருடத்தில் வாய்க்காத நிம்மதி அன்றைக்கு வாய்த்தது என்று நினைத்தாள்.

விடிந்து எழும்பி வந்தால், நிலம் ஈரம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இது நன்றாக விடிந்த காலை. யன்னலால் வெளிச்சம் விழுந்து நிலம் பளபளத்தது. கதவு இரண்டும் பூட்டியபடி இருந்தன. மேர்டில் சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. சின்ன வயதில் அம்மா போர்த்துக்கீசில் சொல்லித்தந்த செபம் பாதி வந்தது, மீதி வரவில்லை. அப்போது முன்கதவில் திறப்பு நுழைந்து திரும்பாமல் கிறிச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு கதவில் தட்டுகிற சத்தம். சீதேவிப்பிள்ளை தட்டியது அதுதான் முதல் தடவை.

மேர்டில் ஓடிப்போய்த் திறந்தாள். சீதேவிப்பிள்ளை புதுப் பூட்டைப் பார்த்தாள், மேர்டிலின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் நிலத்தில் விழுந்துவிட்டது.

"இரவு பூட்டித்தானே கிடந்தது?"

"பூட்டித்தான் அக்கா. நான்தான் பூட்டினன்."

சீதேவிப்பிள்ளை ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து பின்வாசலுக்குப் போனாள். குனிந்தாள். கால் அடையாளத்தில் நின்ற தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள். அப்படியே படியில் குந்தி இருந்துவிட்டாள்.

பிறகு சொன்னாள். மேர்டிலுக்கென்று சொன்னாளா, நிலத்துக்குச் சொன்னாளா தெரியாது. இருபது வருடத்துக்கு முன்னால், பிறக்கப்போகிற தையில் பிரஷாந்திக்குக் கலியாணம். வந்தாறுமூலையில் இருந்த தங்கச்சி வீட்டுக்குக் கலியாணம் சொல்ல சீதேவிப்பிள்ளையும் புருசனும் நத்தாரன்று போனார்கள். வீடு குடிபுகும் நாளில் பிரஷாந்தி உடுக்கவென்று வாங்கிய சேலையைத் தங்கச்சிக்குக் காட்டக் கையோடு கொண்டு போனாள். மகளையும் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் நிலத்துக்குச் சீமெந்து இழுத்து இரண்டு நாள்தான். தண்ணீர் விடாவிட்டால் வெடித்துப் போகும். 'சீமெந்து காயாமத் தண்ணி ஊத்து மனே' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவள் மகளை எப்போதும் மனே என்றுதான் கூப்பிடுவாள். மறுநாள் காலையில் கடல் வந்தது. வீடு நின்றது. பிள்ளை கிடைக்கவேயில்லை. புருசன் அடுத்த மாரிக்குள் போய்விட்டார்.

"ஊத்து எண்டு சொல்லிற்றுப் போனன். நிப்பாட்டு எண்டு ஆர் சொன்ன? அவள் இன்னும் ஊத்திக்கொண்டு இரிக்காள்" என்றாள் சீதேவிப்பிள்ளை. அவள் முகத்தில் அழுகை இல்லை. இருபது வருடம் காத்திருந்த தபால் கைக்கு வந்த மாதிரி ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சந்தான் மேர்டிலை இன்னும் பயப்படுத்தியது.

அன்றிலிருந்து அந்த மனிசி ஆளே மாறிவிட்டாள். காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். தட்டினாள், மேர்டில் திறக்கும்வரை நின்றாள். விரலால் தொட்டு, நாக்கில் வைத்து, "உப்பு" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு இரண்டு பேருமாகப் படியில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். வரும்போது புட்டோ அப்பமோ கொண்டு வந்தாள். பிரஷாந்திக்கு எந்த மீன் பிடிக்கும், எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினாள், மாப்பிள்ளைப் பையனுக்கு மூக்கு எவ்வளவு நீளம் என்றெல்லாம் சொன்னாள். மேர்டில் அந்த மூக்குக்குச் சிரித்தே விட்டாள்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பகலில் நடு அறையைக் கடக்கும்போது பிடரியில் ஒரு பார்வை விழுவது போலிருக்கும். மேர்டில் திரும்பிப் பார்க்க மாட்டாள். "நான் ஒண்டும் உன்ர வீட்டைப் பிடிக்க வரல்ல புள்ள" என்று வெறும் அறைக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரு விஷயத்தை அவள் கவனித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகும் விடியப்புறத்து அரைத்தூக்கத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மிஸிஸ் ஹார்ப்பரின் கைதட்டல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு தென்னையைத் தவிர எதுவுமில்லை. நிலம் நனையத் தொடங்கிய பிறகு அந்தக் கைதட்டல் நின்றுவிட்டது. ஒரு பேய் இருக்கிற வீட்டில் இன்னொரு பேய்க்கு இடமில்லைப் போலும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி அழகரத்தினம். அதே ஒழுங்கையில் இருப்பவர், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் உண்டு, கேட்கத்தான் ஆளில்லை. நத்தாருக்கு நாலு நாள் முன்னால் வாழைப்பழம் கொடுக்க வந்தவர் நிலத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இது ஊத்து மிஸ். அங்கால கடல், இஞ்சால ஆறு, நடுவில நம்மட மணல். முகத்துவாரத்தில மண் மூடிக் கிடக்கு. ஆத்துத் தண்ணி கடலுக்குப் போக வழியில்லாம உயர்ந்து, கீழால வந்து நிலத்தில கசியிது. சுனாமி குடிச்ச சீமெந்து, அதால உப்பும் சேர்ந்து வரும். எண்ட குசினியும் இப்பிடித்தான்."

"இது எப்ப நிக்கும்?"

"நாளைக்கு ஆத்துவாய் வெட்டுறாங்க. வெட்டினா ஆறு கடகடண்டு வடிஞ்சிரும். ரெண்டு மூண்டு நாள்ல உங்கட நிலம் ஓடு மாதிரிக் காஞ்சிரும். பயப்படாதீங்க."

மேர்டில் அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினாள். பயம் அப்போதுதான் ஒழுங்காகத் தொடங்கியது. காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வருகிற மனிசிக்கு இதை யார் சொல்வது? நிலம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்? மகள் இரண்டாம் தடவையும் போய்விட்டாள் என்றுதானே? இருபது வருடத்துக்கு முன் பிள்ளையைக் கொண்டுபோனது கடல். இந்தத் தடவை ஆற்றுவாய் வெட்டுகிற மெசின் கொண்டுபோகும். இதில் மேர்டிலின் சொந்தப் பங்கும் இருந்தது. நிலம் காய்ந்தால் காலையில் கதவில் தட்ட ஆள் வராது. பூட்டை மாற்றியவளே அவள்தான்.

சொன்னபடி ஆற்றுவாய் வெட்டினார்கள். நத்தாருக்கு முதல் நாள் நிலம் தொட்டால் மட்டும் ஈரம் தெரிகிற வெறும் பொதுமலாக இருந்தது. நத்தார் காலையில் அந்தக் கால் அடையாளம் மட்டுந்தான் நனைந்திருந்தது. பெருவிரல் குழியில் ஒரு சொட்டு. சீதேவிப்பிள்ளை அதைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நாளைக்கு அவள்ற நாள். அதுக்குத்தான் இண்டைக்குக் கொஞ்சமா விட்டிரிக்காள்" என்றாள். "நாளைக்கு நிறைய ஊத்துவாள், பாருங்க. நான் சேலையக் கொண்டு வாறன்."

மேர்டில் தேவாலயத்துக்குப் போனாள். பூசையில் மனம் நிற்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது சொட்டும் காய்ந்து, நிலம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. அதைத் தும்புத்தடியால் கூட்டி வெளியே கொட்டினாள். வீடு அன்றைக்கு வெறும் வீடாக இருந்தது. பிடரியில் பார்வை இல்லை. அது இல்லாததை அவளால் தாங்க முடியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

விடியப்புறம் கைதட்டல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், தென்னைகள் நிற்கிற பக்கம். கேள்வி, பதில், கைதட்டல். மேர்டில் கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். எழும்பாமல் இப்படியே கிடந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாள். சீதேவிப்பிள்ளை வருவாள், தட்டுவாள், திறக்காவிட்டால் மிஸ்ஸி உறங்குகிறாள் என்று சேலைப் பையோடு திரும்பிப் போவாள். புதுப் பூட்டை அவளால் திறக்க முடியாது. மேர்டில் எழும்பினாள். வாளியை எடுத்துக்கொண்டு பின்வளவுக் கிணற்றுக்குப் போனாள்.

கிணறும் வடிந்திருந்தது. கயிறு விட்டு இழுக்க வேண்டியிருந்தது. அவள் இழுத்தாள், தூக்கி வந்து படியில் தொடங்கி அறை நடுவரைக்கும் ஊற்றினாள், மறுபடி போனாள். இடுப்பு விட்டுப்போனது. கடைசி வாளியைக் கால் அடையாளத்துக்கு மேலே மெதுவாகச் சரித்தாள். தண்ணீர் குதியில் விழுந்து, உள்ளங்கால் நிறைந்து, விரல் விரலாக ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மேர்டிலுக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. இந்த வீட்டில் இந்த வேலையைச் செய்ய இன்னொருத்தி இருந்தாள். இப்போது அந்த வாளி தன் கையில் இருக்கிறது. மன்னித்துக்கொள் பிள்ளை என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

வெளிச்சம் வந்தபோது ஒழுங்கை வழியே சனம் பூவும் மெழுகுதிரியுமாகக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சீதேவிப்பிள்ளை அவர்களோடு போகவில்லை. முழுகி, வெள்ளைச் சேலை உடுத்து, கையில் பழைய துணிப் பையோடு வந்து தட்டினாள். மேர்டில் திறந்தாள்.

நிலம் முழுக்கப் பளபளத்தது. சீதேவிப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, பின்வாசலில் குனிந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தாள்.

'உப்பு' என்ற சொல் வரவில்லை.

மேர்டிலுக்கு அப்போதுதான் உறைத்தது. கிணற்றில் இருந்தது நல்ல தண்ணீர். இத்தனை யோசித்தவள் அதை யோசிக்கவில்லை. சீதேவிப்பிள்ளை விரலை மறுபடி தொட்டு மறுபடி நாக்கில் வைத்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கதவு மூலையில் வாளி சொட்டிக்கொண்டு நின்றது. மேர்டிலின் இரவுடுப்பின் கரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"அக்கா…" என்றாள் மேர்டில். களவெடுத்த பிள்ளை பிடிபட்டது போல நின்றாள். கத்துவாள், அழுவாள், வீட்டை விட்டுப் போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள்.

சீதேவிப்பிள்ளை படியில் இருந்தாள். அந்தக் கால் அடையாளத்தைப் பார்த்தாள். முகத்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஆறு வடிந்தது அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்த மணலில் இருக்கிறவள். அவளுக்குத் தெரியும் என்பதை மேர்டில் அப்போதுதான் கண்டாள். தெரிந்துகொண்டுதான் தினமும் பூ வைத்து வந்திருக்கிறாள்.

"கிணறு எவ்வளவு கீழ கிடக்கு?" என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை.

"நல்லாக் கீழ போயிற்று அக்கா."

"இடுப்பு நோகல்லயா?"

"நோகுது."

சீதேவிப்பிள்ளை பையிலிருந்து சேலையை எடுத்தாள். கத்தரிப்பூ நிறம். மடிப்பு மடிப்பாக வெளுத்திருந்தது. அதை எழும்பாமலே நீட்டினாள். "உள்ளுக்கு அலமாரியில வைங்க. எண்ட வீட்டில எலி."

மேர்டில் அதை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தபோது சீதேவிப்பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேர்டிலை நிமிர்ந்து பார்க்காமல், படியைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாளைக்கு ஊத்தக்குள்ள ஒரு கை உப்புப் போட்டு ஊத்து மனே."

பீலிக்ஸும் போன பிறகு மேர்டிலை ஒருமையில் கூப்பிட உலகத்தில் ஆளிருக்கவில்லை. மிஸ்ஸி, மிஸ், அன்ரி, பாவம். இந்தச் சொல் வேறொருத்தியுடையது என்று தெரிந்தும் அவள் அதை வாங்கிக்கொண்டாள். சுவர் ஆணியில் கொழுவியிருந்த மற்றத் திறப்பை எடுத்து வந்து சீதேவிப்பிள்ளையின் கையில் வைத்தாள். பிறகு, நாற்பது வருடமாக ஒருவரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"அக்கா, நான் ஒரு நாளைக்கு எழும்பாமப் போனா?"

சீதேவிப்பிள்ளை திறப்பை இடுப்பில் செருகினாள். விளக்கை இழுத்துக் கால் அடையாளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நிலம் காஞ்சு கிடந்தா எனக்கு விளங்காதா மனே?" என்றாள். நெருப்புப் பெட்டியை எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.